சக்கனா: மீனாகிப் போன தொடுகறி

ஜப்பானிய அரிசி மதுவான சக்கேயைச் சுவைத்துப் பார்க்கும் கூடல்கள் இன்று உலகின் பல நகரங்களில் நடைபெறுகின்றன. கிண்ணந்தோறும் உள்ளூர்ப் பக்குவத்தில் ஒரு சிற்றுண்டி துணையாக வைக்கப்படும்போது ஒரு மறுப்பும் எழுவதுண்டு: சக்கேக்கு உரிய துணை மீன்தான், மற்றவை மரபுக்குப் புறம்பு என்று. மீன் சக்கேயோடு நன்றாகப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொருத்தமே முழு மரபும் என்று கொள்வோருக்கு எதிரான வலுவான சான்று, மீனைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலேயே இருக்கிறது.

இன்றைய ஜப்பானியத்தில் மீனுக்கு வழங்கும் பொதுச்சொல் சக்கனா. இது ஒரு கூட்டுச்சொல். சக்கே என்பது கூட்டுச்சொல்லின் முன்னுறுப்பாக வரும்போது அதன் ஈற்று ஏகாரம் அகரமாகத் திரியும்: மது விற்கும் கடை சக்கயா, மதுக்கிண்ணம் சக்கஸுக்கி. மழையைக் குறிக்கும் அமே, மழைக்குடையில் அமகசா ஆவதும் இதே திரிபுதான். பின்னுறுப்பான நா, சோற்றோடு உண்ணும் துணை உணவு எதற்கும் உரிய பழஞ்சொல். கீரையும் நா, மீனும் நா. ஆகவே சக்கனா என்றால் மதுவுக்குத் தொடுகறி, அவ்வளவே. மீனுக்கென்று உவோ என்ற தனிச்சொல் இருந்தது.

அந்தத் தொடுகறி எவ்வளவு எளியதாக இருக்கக்கூடும் என்பதற்கு, 14ஆம் நூற்றாண்டில் கென்கோ என்ற துறவி எழுதிய 'சுரெஸுரெகுசா' என்னும் நூலின் 215ஆம் பகுதி சான்று. காமகுரா அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஹோஜோ தோக்கியோரி ஓரிரவு நொபுதோக்கி என்பவருக்கு ஆளனுப்புகிறார். தக்க உடையில்லாமல் அவர் தயங்க, எந்த உடையிலும் வரலாம் என்று இரண்டாம் ஆள் வருகிறான். தனியே குடிப்பது சலிப்பாக இருக்கிறது, ஆனால் சக்கனா ஏதுமில்லை, வீட்டார் உறங்கிவிட்டனர், எதையாவது தேடிப் பாரும் என்கிறார் தோக்கியோரி. நொபுதோக்கி விளக்கேற்றித் தேடுகிறார். அடுக்களைத் தட்டில், சிறு மண்தட்டொன்றில் ஒட்டியிருந்த கொஞ்சம் மிசோ கிடைக்கிறது. இதுவே போதும் என்று இருவரும் மகிழ்ந்து குடிக்கின்றனர். நாட்டை ஆண்டவரின் சக்கனா ஒரு விரல் மிசோ!

இது வறுமையின் கதையன்று, பொருத்தத்தின் கதையும்கூட. வேகவைத்த சோயாவில் கோஜி என்னும் பூஞ்சையும் உப்பும் சேர்த்துப் புளிக்கவைப்பது மிசோ. அதே கோஜிதான் அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்டுக்கு இரையாகத் தந்து, சக்கேயை உண்டாக்குகிறது. கலயத்தில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒரே பூஞ்சையின் வேலை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, கோஜி கொண்டு மது வடிக்கும் இந்த அறிவையும் திறனையும்தான்.

போர்வீரர் விருந்துகளில் சக்கனா சொல்விளையாட்டாகவும் ஆனது. களம் புகுவோருக்கு மதுவோடு தட்டி உலர்த்திய அபலோன் என்னும் கடற்சிப்பி, உலர்ந்த செஸ்ட்நட், கொம்பு என்னும் கடற்பாசி ஆகியவை வைக்கப்பட்டன. முதலிரண்டின் பெயர்களில் அடித்தல், வெல்லுதல் என்ற சொற்களின் ஒலி கேட்கும். மூன்றாவதன் ஒலி மகிழ்தலை நினைவூட்டும். அங்கே நாவைவிடச் செவிக்கே விருந்து. இன்னும் ஒரு படி மேலே போய், குடிப்பவர் முன் நிகழ்த்தப்பட்ட பாடலும் ஆடலும்கூடச் சக்கனா எனப்பட்டன.

பிறகு எடோ வந்தது. இன்றைய தோக்கியோவான அந்நகரில் மதுக்கடையிலேயே இருந்து குடிக்கும் வழக்கம் பெருகி, அதிலிருந்து இஸக்கயா என்ற பெயர் உருவாயிற்று. இருத்தலைக் குறிக்கும் 'இ' சக்கயாவின் முன் சேர்ந்த சொல் அது. 1596இல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் தோஷிமயா என்ற கடை பெயர் பெற்றது, மலிவான மதுவோடு விற்ற தோஃபு தெங்காக்குவால். குச்சியில் குத்தி மிசோ தடவிச் சுட்ட தோஃபு அது. 1811ஆம் ஆண்டுக் கணக்கொன்றின்படி எடோவில் இத்தகைய கடைகள் 1,800க்கும் மேல். அங்கே அவித்த கிழங்கும் தோஃபுவும் மீனும் ஒரே வரிசையில் நின்றன.

அவற்றுள் மீனே அதிகம் விரும்பப்பட்டதால், பொதுச்சொல் எடோ காலத்தில் மெல்ல அதன்மேல் படிந்தது. எழுத்துச் சீர்திருத்தம் இதற்குப் பின்தங்கியே வந்தது. மீனைக் குறிக்கும் சீன எழுத்துக்கு 1948ஆம் ஆண்டு அரசுப் பட்டியல் அனுமதித்த ஜப்பானிய வாசிப்பு உவோ மட்டுமே. தெருவில் எல்லோரும் சொல்லிவந்த சக்கனாவுக்கு 1973இல்தான் இடம் கிடைத்தது. இப்போது உவோ, மீன்சந்தையைக் குறிக்கும் உவோஇச்சிபா போன்ற கூட்டுச்சொற்களில் ஒதுங்கி வாழ்கிறது. தொடுகறி என்ற மூலப்பொருளுக்குரிய வேறொரு எழுத்தோ பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இன்றும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. சங்க நூல்களில் மிளகைக் குறித்த கறி, பின் சோற்றுக்குத் துணையான எதையும் குறித்து, இன்று பல பேச்சுவழக்குகளில் இறைச்சியாகவே சுருங்கிவிட்டது. காய்களைச் சுட்ட மரக்கறி என்று அடைகொடுக்க வேண்டியிருக்கிறது. (சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கருதுகோளுக்கு இதை ஆதாரமாக்கிவிடலாகாது. துணை உணவின் பெயர், அதில் மிக விரும்பப்படுவதன் பெயராகச் சுருங்குவதற்கு மொழிகள் உறவினராக இருக்கவேண்டியதில்லை.)

சக்கனா மீனிடம் போய்விட்டதால் நொறுக்குத்தீனிக்கு ஜப்பானியர் இன்று பெரிதும் வழங்குவது சுமமி, அதாவது விரலால் கிள்ளி எடுப்பது, என்ற சொல். ஆயினும் பழைய பொருள் ஓரிடத்தில் பிடிவாதமாக நிற்கிறது. குடிக்கும் இடத்தில் ஊர்வம்பு பேசுவதை, வம்பை மதுவுக்குச் சக்கனாவாக்குதல் என்றே அங்கு இன்றும் சொல்கிறார்கள்.