கொலாபாவின் பதிவேடு

1859 செப்டம்பர் 1இல் ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் சூரியப்புள்ளிகளின்மீது வெண்ணொளி வெடித்தெழக் கண்டார். சுமார் பதினேழரை மணி நேரத்தில் பூமியின் காந்தப்புலம் கொந்தளித்தது. லண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தில் பதிவுக்கோடு தாளின் எல்லையையே கடந்தது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்திலோ, பணியாளர்கள் காந்தமானியைக் கண்ணால் நோக்கி அளவுகளை எழுதியவண்ணம் இருந்தனர்.

சூரியக் காற்று என்னும் கருத்தை யூஜின் பார்க்கர் முன்வைத்தது 1958இல்தான். அக்காற்றின் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் விலக்கிவிடுகிறது. எதிர்த்திசைக் காந்தப்புலத்தைச் சுமந்துவரும் புயலிடம் மட்டும் அக்கவசம் நெகிழ்ந்து ஆற்றலை உள்ளே விடுகிறது.

2003இல் கொலாபாப் பதிவுகளை ஆராய்ந்தோர், கிடைத்திசைப் புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்ததெனக் கண்டனர். காரணம் அறியாமலே எழுதிய துல்லியமும், அந்த ஏட்டை அழியாது காத்த பொறுப்புமே 144 ஆண்டுகளுக்குப் பின் சான்றாயின.