சிலம்பு முதல் முத்திரை வரை: திருவனந்தபுரத்தில் பழம்பொன் விற்பனை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் இல்லங்களில் பொன் வாங்குதல் பலரறிய நிகழ்வது. பொன் விற்றல் பிறர் அறியாமல் நிகழ்வது. மருத்துவச் செலவு, கல்விக் கட்டணம், கடன், பாகப்பிரிவினை ஆகியவற்றுள் ஒன்று நெருக்கும்போதோ, அணிவார் இல்லாது பெட்டியில் கிடக்கும்போதோ பழைய நகை உள்ளூர்க் கடையின் தராசுக்கு வருகின்றது. பொன் வாங்கும் மரபைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பொன் விற்பவரின் நிலை அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை.

பழம்பொன் விற்கப்படும் இடத்தில் எக்காலத்தும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ‘இஃது எத்தகைய பொன்?’ என்பது ஒன்று. ‘இஃது யாருடைய பொன்?’ என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறும் அதிகாரம் விற்பவரிடம் இல்லாமல், வாங்குபவரிடமோ அரசிடமோ இருந்துவந்துள்ளது என்பதைத் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலம்பு விற்ற களம்

பழைய நகையை அயலூரில் விற்கச் சென்ற ஒருவனின் கதையே தமிழின் முதற் காப்பியமாக அமைந்துள்ளது. கோவலன் மதுரையில் விற்க முயன்றது ஒற்றைச் சிலம்பு. அதன் மதிப்பை அறியக்கூடியவன் எனக் கருதி அவன் நாடியது அரண்மனைத் தொடர்புடைய பொற்கொல்லனை. அரசியின் சிலம்பைத் திருடியிருந்த அப்பொற்கொல்லன், தன் குற்றத்தை மறைக்கக் கோவலனைக் கள்வனாக்கினான் என்பது நாம் அறிந்த செய்தி.

இந்நிகழ்வை ஒரு வணிக நிகழ்வாக நோக்கின் சில உண்மைகள் புலப்படுகின்றன. நகையின் தரத்தையும் உரிமையையும் கூறும் வாய் ஒன்றே. அவ்வாய் வாங்குபவன் பக்கம் உள்ளது. சிலம்பு கையில் இருப்பின் கொன்று கொணர்க என்பது அரசாணையாதலின், பொருளைக் கையில் வைத்திருத்தலே திருட்டுக்குச் சான்றாகிவிடுகின்றது. கோவலனின் தோற்றத்தைக் கண்டு காவலருள் ஐயம் எழுகின்றது. ஆயினும், கள்வர் கையாளும் சூழ்ச்சிகளை எடுத்துரைத்துப் பொற்கொல்லன் அந்த ஐயத்தை அடக்கிவிடுகின்றான். கோவலன் தன் உரிமையை நிறுவ ஒரு வாய்ப்பும் தரப்படவில்லை.

சிலம்பை உடைத்துப் பார்க்கும் சோதனை அவன் இறந்த பின்னரே நிகழ்கின்றது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல் என்னும் வேறுபாடு முதல்நாளே ஆராயப்பட்டிருப்பின் வழக்கே எழுந்திராது. சோதனை இல்லாமல் சொல்லை மட்டும் நம்பியதே பாண்டியன் செய்த பிழை எனலாம்.

காப்பியத்தின் உரைபெறு கட்டுரை, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாகக் கூறுகின்றது. ஒருவன் செய்த குற்றம் ஒரு தொழிற்குலத்தின்மேல் ஏற்றப்பட்ட கொடுமையையும் இவ்விடத்தில் கருதவேண்டும். தரம் கூறும் அதிகாரத்திற்கு மாற்றுச் சான்று இல்லாதிருந்த அமைப்பே சிக்கலின் வேர். பொற்கொல்லர் குலம் அன்று.

திருவனந்தபுரத்திற்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பு நெருங்கியது. மதுரையை எரித்த கண்ணகி கன்னியாகுமரி வழியாகக் கொடுங்கல்லூர் செல்லும்போது ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது அவ்வூர் நம்பிக்கை. ஆண்டுதோறும் கும்ப மாதப் பூர நாளில் நடைபெறும் ஆற்றுக்கால் பொங்காலையின்போது தோற்றம்பாட்டில் கண்ணகி கதை பாடப்படுகின்றது. அதில் பாண்டியன் கொல்லப்படும் பகுதி பாடி முடிந்த பின்னரே அடுப்புகள் மூட்டப்படுகின்றன. காப்பியத்தில் அரசன் தானே உயிர் துறக்க, வாய்மொழி மரபில் தேவியே அவனைக் கொல்கின்றாள். நகை விற்கச் சென்றவனுக்கு நேர்ந்த அநீதியை மக்கள் இன்றும் மன்னிக்கவில்லை என்பதற்கு இம்மாற்றம் சான்றாகும். 2009ஆம் ஆண்டு ஏறத்தாழ 25 இலட்சம் பெண்கள் இங்குக் கூடியமை கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.

ஆணியும் மாற்றும்

பொன்னின் தரத்தைத் தனிமனிதர் சொல்லிலிருந்து பிரித்துப் பொது அளவையில் நிறுத்தும் முயற்சி சோழர் காலத்தில் தெளிவாகக் காணப்படுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், நகைகள் ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டமை பதிவாகியுள்ளது. பொன்னின் தூய்மை ‘தண்டவாணி’ என்னும் தர அளவையோடு ஒப்பிட்டு, அதனினும் எவ்வளவு குறைந்தது எனக் குறிக்கப்படுகின்றது. எடைக்கு ஒரு பெயர், தரத்திற்கு ஒரு பெயர், அவை கல்லில் வெட்டப்பட்ட பொதுச் சான்று என்னும் முறை இறைவனின் பொன்னுக்குக் கிடைத்தது. குடிமக்களின் பொன்னுக்கு உரைகல்லே கதியாயிற்று.

உரைகல்லில் நகையை இழுத்து, தரம் தெரிந்த ஆணியின் கோட்டை அருகில் இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டு மாற்று கூறுவர். ஆணிப்பொன், பத்தரைமாற்றுத் தங்கம் ஆகிய வழக்குகள் இத்தொழிலிலிருந்து பொதுமொழிக்கு வந்தவை. ‘உரைத்தல்’ என்னும் சொல் தேய்த்துப் பார்த்தலையும் சொல்லுதலையும் ஒருங்கே குறிப்பது இங்கு நோக்கத்தக்கது. கல்லில் உரைப்பவரே மாற்றையும் உரைத்தார். கண்பயிற்சி உடைய தட்டாரின் கணிப்பு பெரும்பாலும் துல்லியமாகவே அமைந்திருக்கலாம். ஆயினும் அதைச் சரிபார்க்க விற்பவருக்கு வழியில்லை. பொற்கொல்லர் பொன்னைக் கவரும் ஐவகை வழிகளைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வகைப்படுத்துவதும், அவற்றுள் தராசு மோசடி ஒன்றாக இடம்பெறுவதும் இவ்வச்சத்தின் பழமையைக் காட்டுகின்றன.

திருவிதாங்கூரில் பொன் அணியும் உரிமை

‘யாருடைய பொன்?’ என்னும் வினா திருவிதாங்கூரில் சாதி அமைப்போடு பிணைந்திருந்தது. பொன், வெள்ளி அணிகளைப் பூணுவதற்குப் பல சமூகத்தார் ‘அடியறை’ என்னும் கட்டணம் செலுத்தி இசைவு பெறவேண்டியிருந்தது. இக்கட்டுப்பாட்டை நீக்கி அரசி கௌரி பார்வதி பாய் (1815–1829) 1818இல் அறிக்கை வெளியிட்டார். அரசாணை ஒருபுறம் இருக்க, ஊர்வழக்கின் தடைகள் நீடித்தன. புலையர் பெண்கள் கல்மாலைகளையே அணியவேண்டும் என்ற நிலைக்கு எதிராக 1915இல் கொல்லம் மாவட்டப் பெரிநாட்டுப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியும், அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்தில் நடந்த கூட்டத்தில் பெண்கள் அம்மாலைகளைக் கழற்றி எறிந்தமையும் கேரள வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

‘வேண்டாத நகை’ என்னும் தொடருக்கு இந்நிகழ்வு மற்றொரு பொருளையும் தருகின்றது. அவர்கள் துறந்தது விற்கத்தக்க நகையன்று, இழிவின் அடையாளம். பொன் வைத்திருப்பவரே நெருக்கடியில் பொன்னை விற்கமுடியும். பொன் அணியும் உரிமை மறுக்கப்பட்டவருக்கு அந்தக் கடைசிப் புகலும் மறுக்கப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

சாலைக் கடைத்தெரு

திருவனந்தபுரத்தின் வணிக நடுவமான சாலைக் கடைத்தெரு, கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் (1758–1798) திவான் ராஜா கேசவதாசரால் நிறுவப்பட்டது. தமிழ் வணிகரும் தமிழ்க் கைவினைஞரும் இத்தெருவின் வளர்ச்சியில் பங்கு கொண்டனர். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் சாலையின் தமிழ் மறையவில்லை. அங்குப் பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவன் (1934–2021) அத்தெருவின் மாந்தரையும் பேச்சையும் ‘கடைத்தெருக் கதைகள்’ வழியாக இலக்கியமாக்கியமை நாடறிந்தது.

நகை வணிகத்தின் சொற்களிலும் இவ்விருமொழிச் சூழல் தெரிகின்றது. தமிழகத்தில் பவுன், சவரன் எனப்படுவது இங்குப் பவன். செய்கூலி இங்குப் பணிக்கூலி. சேதாரம் இங்குப் பணிக்குறவு. பணத்தூக்கம், மஞ்சாடி, குன்றி ஆகிய பழைய நிறைகளின் இடத்தை ஆங்கிலேயரின் சவரின் நாணயம் பெற்றது. 22 காரட் தரமும் ஏறக்குறைய 7.99 கிராம் எடையும் உடைய அந்நாணயமே, மெட்ரிக் முறை வந்தபின் 8 கிராம் என முழுமையாக்கப்பட்டு இன்றைய பவனாக நிலைத்துள்ளது.

இத்தகைய கடைகளுக்கு விற்பனைக்கு வரும் பழைய நகைகள் பலவகைப்பட்டவை. நாகபடத் தாலி, காசுமாலை போன்ற கேரள அணிகளும், தென் திருவிதாங்கூரிலும் நெல்லையிலும் வழங்கிய பாம்படம், தண்டட்டி போன்ற காதணிகளும், வெள்ளித் தண்டை, கொலுசு, அரைஞாண் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். காது வளர்க்கும் வழக்கம் மறைந்தபோது பாம்படம் அணிவார் இல்லாத அணியாகி உருக்குக்குச் சென்றது. வாங்குபவருக்கு அதன் வடிவம் மதிப்பன்று, எடையே மதிப்பு. கல்லும் அரக்கும் நீக்கப்படும்; பற்றவைப்பில் சேர்ந்த செம்பும் வெள்ளியும் தரத்தைக் குறைக்கும்; வாங்கியபோது கொடுத்த பணிக்கூலியும் பணிக்குறவும் திரும்ப வாரா. வெள்ளியில் கலப்பு மிகுதியாதலால் கழிவும் மிகுதி.

தரக் கணிப்பின் சிறு வேறுபாடும் விற்பவருக்குப் பேரிழப்பாகும். இரண்டு பவன், அதாவது 16 கிராம் எடையுள்ள மாலை ஒன்றை 22 காரட் எனக் கொண்டால் அதிலுள்ள தூய பொன் ஏறக்குறைய 14.66 கிராம். 20 காரட் எனக் கூறினால் 13.33 கிராம். ஒரு சொல்லில் 1.33 கிராம் தூய பொன் மறைந்துவிடுகின்றது.

பொற்கட்டுப்பாட்டுக் காலம்

சீனப் போரை அடுத்து, 1963 சனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் காலத்தில் பொற்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 14 காரட்டிற்கு மேற்பட்ட தரத்தில் புதிய நகை செய்தல் தடைசெய்யப்பட்டது. தொழிலிழந்த பொற்கொல்லர் பலர் தற்கொலை செய்துகொண்ட துயரம் நாடெங்கும் எதிரொலித்தது. காப்பியக் கொற்கையில் நிகழ்ந்ததைப் போன்றே, பொன்னின்மேல் அரசு கொண்ட சினத்தின் சுமை கைவினைஞர் தலையில் விழுந்தது. பின்னர்த் தளர்வுகள் வழங்கப்பட்டு, 14 காரட் வரம்பும் 1966இல் கைவிடப்பட்டது. எனினும் 1968ஆம் ஆண்டின் பொற்கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம் பெற்ற வணிகர், சான்று பெற்ற பொற்கொல்லர் என்னும் பிரிவுகளோடு 1990 வரை நீடித்தது. இச்சட்டம் பொன்னின் நடமாட்டத்தைக் கண்காணித்ததேயன்றி, பழம்பொன் விற்பவருக்கு அதன் தரத்தை உறுதிசெய்யும் வழி எதனையும் அமைக்கவில்லை.

முத்திரைக் காலம்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டு பொன்னுக்கும், 2005இல் வெள்ளிக்கும் ஹால்மார்க் முத்திரை முறையைத் தொடங்கியது. 2021 சூன் 16 முதல் 256 மாவட்டங்களில் பொன் நகைகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்பிரல் 1 முதல் ஆறிலக்கத் தனி அடையாளக் குறியீடு இன்றி ஹால்மார்க் நகை விற்றல் கூடாது என்னும் விதி வந்தது. தண்டவாணி கோயிற் பொன்னுக்குத் தந்த பொதுச் சான்று, ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் குடிமக்களின் பொன்னுக்கும் கிடைத்துள்ளது எனலாம்.

ஆனால் இச்சான்று புதுநகை வாங்குபவரைக் காப்பது. பாட்டியின் அட்டியலிலும் தாயின் காசுமாலையிலும் முத்திரை இராது. முத்திரையற்ற பழைய நகையைத் தனிநபர் வணிகரிடம் விற்கத் தடையில்லை. அவ்விற்பனைக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்பதையும் 2017 சூலையில் அரசு தெளிவுபடுத்தியது. ஆயினும் தரத்தைக் கூறுவது மீண்டும் வாங்குபவரின் கருவியே. எக்ஸ் கதிரால் இயங்கும் காரட் கணிப்பான் உரைகல்லினும் நுட்பமானது. எனினும் அது மேற்பரப்பையே அறியவல்லது. உருக்கிப் பார்ப்பின் உண்மை தெரியும். ஆனால் உருக்கிய பின் நகையைத் திரும்பப் பெற இயலாது. இவ்விடத்தில் விற்பவரின் மறுக்கும் உரிமை முடிந்துவிடுகின்றது.

இக்குறைக்கு ஒரு தீர்வு உள்ளது. தனிநபர் தம் நகையை அங்கீகாரம் பெற்ற சோதனை நடுவத்தில் தாமே கொடுத்துத் தரச்சான்று பெறலாம் எனத் தர நிர்ணய அமைவனம் 2022இல் அறிவித்தது. நான்கு நகைகள் வரை 200 ரூபாய் எனக் கட்டணமும் வரையறுக்கப்பட்டது.

உரிமை பற்றிய இரண்டாம் வினாவும் இன்று சட்ட வடிவம் பெற்றுள்ளது. திருட்டுப் பொருளென அறிந்து வாங்குதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்கீழும், 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்கீழும் குற்றமாகும். ஆகவே வணிகர் அடையாளச் சான்றும், இயன்றால் வாங்கிய சீட்டும் கேட்கின்றனர். விற்பவர் இதனை அவமதிப்பாகக் கருதவேண்டியதில்லை. கோவலனிடம் இருந்திராத பாதுகாப்பு இதுவே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பழம்பொன் விற்பனையின் வரலாறு பொன்னின் விலை வரலாறு மட்டுமன்று, சான்று கூறும் அதிகாரத்தின் வரலாறும் ஆகும் என்பது பெறப்படுகின்றது. ஆணி, மாற்று, பவன், முத்திரை என அளவைகள் வளர்ந்துள்ளன. ஆயினும் முத்திரையற்ற பழைய நகையோடு கடைப்படி ஏறுபவர் இன்றும் பிறர் கூறும் விடையையே நம்பவேண்டியுள்ளது. விற்குமுன் தாமே தரச்சான்று பெறுதல், மொத்த எடை, கழிவு, தரம், அன்றைய விலை ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுதல், உருக்குவதற்கு இசையுமுன் இவற்றை முடித்தல் ஆகியன அந்நிலையை மாற்றவல்லன.

ஆய்வாளர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. உருக்கப்படும் ஒவ்வொரு பாம்படத்தோடும் ஒரு வடிவமும், அதன் உறுப்புகளைக் குறித்த தொழிற்சொற்களும் மறைகின்றன. விற்பனையைத் தடுத்தல் நம் பணியன்று. அதற்குரிய தேவை அவ்வில்லத்தாருக்கே தெரியும். உருக்குமுன் ஒரு நிழற்படமும் ஒரு பெயர்க்குறிப்பும் எடுத்துவைத்தல் இயலும். சாலைத் தெரு போன்ற இருமொழிக் கடைத்தெருக்களில் இப்பணியைத் தொடங்குதல் தமிழியலுக்கும் கேரளவியலுக்கும் ஒருங்கே பயன் தரும்.