மலைமேல ஏறினதுக்கு நாலு மாசம் ஜெயில்

சனிக்கிழமை ராத்திரி பேக் பண்ணி, ஞாயிறு காலையில ட்ரெக் கிளம்புற கூட்டமா நீங்க? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்துல வசந்தகாலம். ஹேஃபீல்டு கிராமத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய கல்குவாரியில் சுமார் 400 பேர் கூடுறாங்க. பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள், இருபது வயசுப் பசங்க. வாரம் முழுக்க ஆலைப் புகை. கிடைக்கிற ஒரு லீவு நாள்ல மலைக்காற்று வேணும், அவ்வளவுதான்.

எதிரே கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டர்தான். ஆனா மேல போகக்கூடாது. ஒரு காலத்துல பொது மேய்ச்சல் நிலமா இருந்த இடத்தை, 19ஆம் நூற்றாண்டுல வளைச்சுத் தனியார் சொத்தாக்கிட்டாங்க. டெவன்ஷையர் டியூக் மாதிரியான பெரிய நிலக்காரர்கள் அங்கே கிரௌஸ் பறவை வேட்டையாடுவாங்க. அதுவும் வருஷத்துல சில நாள்தான். மிச்ச நாள் எல்லாம் காவலாட்களும், ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ போர்டும்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அன்றைய சட்டப்படி வெறுமனே நுழையறது குற்றமே இல்லை. உரிமையாளர் சிவில் வழக்குதான் போட முடியும். அந்த போர்டுகளுக்கு ‘மரப் பொய்கள்’னே பட்டப்பெயர் இருந்தது.

கூட்டத்தைக் கூட்டினவர் பென்னி ராத்மன். வயசு 20. ரயில்ல வந்தா ஸ்டேஷன்லயே மடக்கிடுவாங்கன்னு சைக்கிள் மிதிச்சு வந்தார். குவாரியில பேசி முடிச்சதும் எல்லாரும் நடக்க ஆரம்பிச்சாங்க. சரிவுல காவலாட்களோட தள்ளுமுள்ளு. ஒரு காவலாளிக்குக் காயம். உச்சிவரைக்கும் அவங்க போகவே இல்லை. மேட்டு விளிம்புல, எதிர்ப்பக்கம் எடேல்ல இருந்து ஏறி வந்தவங்களைச் சந்திச்சு, சந்தோஷமாத் திரும்பினாங்க. கீழே போலீஸ் காத்திருந்தது.

ஆறு பேர் கைது. அத்துமீறல் குற்றம் இல்லையே, அதனால கலவரக் கூட்டம், தாக்குதல்னு வழக்கு போட்டாங்க. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நாலு மாசம்.

இங்கேதான் கதை திரும்புது. அதுவரைக்கும் பழைய நடைபயணச் சங்கங்களே ராத்மன் கூட்டத்தைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. ‘நாங்க பல வருஷமா நிலக்காரர்களோட பேசிட்டிருக்கோம், நீங்க கெடுத்துட்டீங்க’ன்னு கோபம். ஆனா நடந்ததுக்கு ஜெயிலா? பிடிக்காதவங்களுக்கே அந்தத் தீர்ப்பு பொறுக்கலை. சில வாரத்துலயே வின்னட்ஸ் கணவாய்ல சுமார் 10,000 பேர் கூடினாங்க.

அதுக்கப்புறம் நடந்தது பொறுமையான வேலை. 1935ல டாம் ஸ்டீபன்சன் ஒரு பத்திரிகைக் கட்டுரையில, இங்கிலாந்தோட முதுகெலும்புன்னு சொல்ற பென்னைன் மலைத்தொடர் முழுக்க ஒரு நீண்ட நடைபாதை வேணும்னு எழுதினார். 1949ல தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ல கிண்டர் இருக்கிற பீக் டிஸ்ட்ரிக்ட், பிரிட்டனோட முதல் தேசியப் பூங்கா ஆச்சு. சுமார் 430 கிலோமீட்டர் நீள பென்னைன் வே 1965ல திறந்தது. தேதி? அதே ஏப்ரல் 24. இன்னிக்கும் அந்தப் பாதை எடேல்ல தொடங்கி, கிண்டர் விளிம்பு வழியாத்தான் போகுது.

இங்கிலாந்து, வேல்ஸ்ல திறந்தவெளி மலைகள்ல நடக்கிற உரிமைக்கான சட்டம் 2000ல நிறைவேறினப்போ ராத்மன் உயிரோட இருந்தார். 2002 ஜனவரியில இறந்தார். அதே வருஷம் ஏப்ரல்ல, 70ஆம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு 11ஆவது டெவன்ஷையர் டியூக் வந்து, தன் தாத்தா காலத்துல நடந்தது தப்புன்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டிய ஆள் மூணு மாசம் முன்னாடியே போயிட்டார்.

அன்னிக்கு ஏறின 400 பேர் மட்டும் ஜெயிச்சதா எனக்குத் தோணலை. அவங்க கதவைத் தட்டினாங்க. அவங்களைத் திட்டினவங்களும் சேர்ந்துதான் பல வருஷம் உழைச்சு அதைத் திறந்தாங்க. அடுத்த தடவை ஒரு மலைவிளிம்புல நின்னு செல்ஃபி எடுக்கும்போது, இந்தப் பாதை யாரால திறந்ததுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.