ஒரு பெரிய வைத்தியசாலைக்கு எத்தனை மூடை சீமெந்து?

புதிய வைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டும் செய்திகளில் கட்டில்களின் எண்ணிக்கையும் கோடி ரூபாய்க் கணக்கும் தவறாமல் இருக்கும். எவ்வளவு மணல், எவ்வளவு கம்பி என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் வேலை பாதியில் நிற்குமா, முடியுமா என்பதைச் சொல்வது அந்தக் கணக்குத்தான்.

300 கட்டில்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்டு மட்டும் வைத்தியசாலை அல்ல. சத்திரசிகிச்சைக் கூடம், ஆய்வுகூடம், நடைபாதை, மருந்துக் களஞ்சியம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டிலுக்கு 100 சதுர மீற்றர் எடுத்தால் 30,000 சதுர மீற்றர் வருகிறது. அத்திவாரம், தூண், தளம் யாவற்றுக்கும் சதுர மீற்றருக்கு 0.4 கன மீற்றர் கொங்கிரீட் என்பது ஒரு பருமட்டான மதிப்பீடு. ஆக 12,000 கன மீற்றர். கன மீற்றருக்கு 7 மூடை வீதம் 84,000 மூடை சீமெந்து, 100 கிலோ வீதம் 1,200 தொன் கம்பி. கலப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 21 இலட்சம் லீற்றர் தண்ணீர். சுவர்க் கல்லும் பூச்சும் இதில் சேரவில்லை.

மணல்தான் பெரிய தலையிடி. மணல் சுமார் 1,900 கியூப், சல்லிக்கல் 3,600 கியூப். 3 கியூப் ஏற்றும் டிப்பர் 1,800 தடவைக்கு மேல் வந்துபோக வேண்டும். நாளொன்றுக்குப் பத்து லோட் என்றாலும் ஆறு மாதம்! ஆற்று மணலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் மணல் வராது. அந்தப் பாரத்தை ஊர் வீதி தாங்குமா என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும்.

"சீனாவில் பத்து நாளில் கட்டினார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2020இல் வூஹானில் 1,000 கட்டில்களுடன் ஹுவோஷென்ஷான் வைத்தியசாலை எழுந்தது. ஆனால் அதன் பரப்பு 34,000 சதுர மீற்றர்தான், கட்டிலுக்கு 34 மட்டுமே. தொழிற்சாலையில் செய்த அறைகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அது தொற்றுக்கால அவசர ஏற்பாடு, தலைமுறைகளுக்கான கட்டடம் அல்ல.

வீட்டுக் கட்டடத்தில் காணாத பொருட்களும் உண்டு. எக்ஸ்ரே அறையின் சுவர்களுக்கு 2 மில்லிமீற்றர் ஈயத் தகடு அடித்தால் சதுர மீற்றருக்கு 22 கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஒரு நடுத்தர அறைக்கு ஏறக்குறைய ஒரு தொன். புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை அறையில், கதிர் நேரே படும் சுவர் 2 மீற்றருக்கும் அதிகமான தடிப்புள்ள கொங்கிரீட்டாக இருக்கும். ஒட்சிசன் கொண்டுசெல்லச் செப்புக் குழாய் வேண்டும்.

நன்கொடையாளர்கள் சீமெந்தை மொத்தமாக வாங்கித் தந்துவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. மூடையில் மூன்று மாதம் கிடந்தாலே அதன் வலு குறையத் தொடங்கிவிடும். பணம் தீர்ந்து வேலை நின்றால், தூண்களின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கடற்காற்று அரித்துவிடும். ஆகவே அடுத்த அடிக்கல் விழாவில் மொத்தத் தொகையோடு பொருட்கணக்குப் பட்டியலையும், எந்த மாதம் எந்தப் பொருளுக்குப் பணம் கைவசம் இருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.