வங்காளத்துக் குடிசையும் பாசடீனா மாளிகையும்

நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'பங்களா' வங்காளத்துச் சரக்கு. இங்கத்திய கூரைக் குடிசையைத்தான் வெள்ளைக்காரர்கள் சுற்றிலும் தாழ்வாரம் வைத்து துரைமார் வீடாக்கினார்கள். பிழைக்க வந்த ஊர் கொல்கத்தா என்பதால் அந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டு போனேன். கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் விட்டது.

1900களில் அமெரிக்காவில் 'கிராஃப்ட்ஸ்மேன் பங்களா' மோகம். இயந்திரச் சரக்கு அலுத்துப்போய், தச்சன் கைவேலை தெரிகிற மாதிரி கட்டிய வீடுகள். பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்துக்கானவை. ஆனால் பாசடீனாவில் சார்லஸ், ஹென்றி கிரீன் சகோதரர்கள் 1908ல் வரைந்த கேம்பிள் வீடு பணக்காரப் பங்களா. சொந்தக்காரர் டேவிட் கேம்பிள், ப்ராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் குடும்பம். காசுக்குப் பஞ்சமா!

உள்ளே எங்கு பார்த்தாலும் பர்மா தேக்கு (அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில்தான் இருந்தது, ஆக பெயரும் மரமும் நம் பக்கத்திலிருந்து போனவை). மரம் மரத்தோடு சேரும் இடத்தை மறைக்காமல் முளையைக்கூட அழகாகக் காட்டியிருக்கிறார்கள். வாசல் கதவின் வண்ணக் கண்ணாடியில் ஓக் மரம் ஒன்று கிளை பரப்பி நிற்கும். மாடியில் காற்றாடப் படுக்கத் திறந்த மாடங்கள். நம்ம மொட்டைமாடித் தூக்கம்தான், கொஞ்சம் செலவு அதிகம், அவ்வளவே.

டேவிட் 1923லும், மனைவி மேரி 1929லும் காலமானார்கள். மேரியின் தங்கை ஜூலியா 1943 வரை அங்கேயே இருந்தார். 1946ல் மகன் செசிலும் மருமகள் லூயிஸும் குடிவந்தார்கள். ஒரு கட்டத்தில் விற்றுவிடலாம் என்று நினைத்தார்களாம். பார்க்க வந்தவர்கள் அந்தத் தேக்குக்கெல்லாம் வெள்ளை பெயின்ட் அடிக்கலாம் என்று பேசியது காதில் விழ, விற்பனையே வேண்டாம் என்று விட்டார்கள் என்பது அந்த வீட்டில் சொல்லப்படும் கதை. தேக்குக்கு வெள்ளை பெயின்ட்! செட்டிநாட்டுத் தூணுக்கு அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. 1966ல் குடும்பம் வீட்டை பாசடீனா நகரத்துக்கே கொடுத்துவிட்டது.

அதே சகோதரர்கள் 1907ல் வரைந்த பிளாக்கர் வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1985ல் வாங்கியவர் விளக்குகளையெல்லாம் கழற்றி விற்க ஆரம்பித்தார். வீட்டைவிட அவற்றுக்கு மவுசு! ஊரே கொதித்தது. நகரசபை அவசரமாகச் சட்டம் போட்டது, ஆனால் போனது போனதுதான். 1994ல் வாங்கியவர்கள் நகல் விளக்குகள் செய்துதான் மாட்ட வேண்டியிருந்தது.