உள்ளெடுப்புப் பன்குழல் கசிவு

உள்ளெடுப்புப் பன்குழல் என்பது உள் எரி பொறியின் உருளைகளுக்குக் காற்றை அல்லது காற்று-எரிபொருள் கலவையைப் பகிர்ந்தளிக்கும் கிளைக் குழாய்த் தொகுதி ஆகும். பட்டறை வழக்கில் இது இன்லெட் மேனிபோல்டு எனப்படுகிறது. இக்குழலும் உருளைத் தலையும் இணையும் முகப்பில் பேக்கிங் எனப்படும் மெல்லிய அடைப்புத் தகடு வைக்கப்படுகிறது. தகடு கிழிந்தாலோ, நட்டுகள் தளர்ந்தாலோ, முகப்பு வளைந்தாலோ கசிவு உண்டாகும். பெட்ரோல் பொறியில் இக்கசிவினால் பெரும்பாலும் எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. வெளிக்காற்றே உள்ளே இழுக்கப்படுகிறது.

விளைவுகள்

கடல் மட்டத்தில் வளியழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாசுக்கல் ஆகும். வண்டி நிற்க, பொறி மட்டும் ஓடும் வெற்றோட்ட நிலையில் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது பன்குழலின் உள்ளே அழுத்தம் 30 முதல் 40 கிலோபாசுக்கல் அளவுக்குத் தாழ்கிறது. எனவே மயிரிழை இடுக்கிலும் காற்று விரைந்து புகும்.

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. கணக்கில் வராத காற்று சேர்ந்தால் கலவையில் எரிபொருளின் பங்கு குறைகிறது. பொறி குலுங்குதல், வெற்றோட்டத்தில் அணைந்துபோதல், சீழ்க்கை போன்ற ஒலி ஆகியன இதன் அறிகுறிகள். வேகம் கூடும்போது உள்ளழுத்தம் உயர்வதால் இவை குறைந்துவிடும். இதனால் பலர் பழுதைப் பொருட்படுத்துவதில்லை. எரிபொருள் குறைந்த கலவையில் நெடுநாள் ஓடினால் வால்வுகளும் பிஸ்டனும் மிகுவெப்பத்தால் கெடக்கூடும்.

இந்தியாவில் 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 காரில் முதலில் கார்புரேட்டரும் பின்னர் எரிபொருள் உட்செலுத்தலும் பயன்பட்டன. ஆக்சிசன் உணரி உள்ள உட்செலுத்தல் பொறிகளில் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் எரிபொருள் செலுத்திச் சிறு கசிவை ஓரளவு ஈடுசெய்யும். ஆகவே அறிகுறிகள் தாமதமாகவே தெரியும்.

கண்டறிதல்

முதலில் பன்குழலுடன் இணைந்த இரப்பர்க் குழாய்களைச் சோதிக்க வேண்டும். கசிவு அவற்றிலும் இருக்கலாம். பின்னர், பொறி வெற்றோட்டத்தில் இருக்க, இணைப்பின் மீது சோப்பு நீரைச் சிறிதளவு தெளிக்கலாம். நீர் உள்ளிழுக்கப்பட்டு ஓசை மாறினால் அவ்விடமே கசிவிடம். மின் இணைப்புகளில் நீர் படக்கூடாது. பெட்ரோல் போன்றவற்றைத் தெளித்துச் சோதிப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

அடைக்கும் முறை

1. பொறி குளிர்ந்தபின் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். குளிர்விப்பு நீர் செல்லும் பன்குழலாயின் நீரை வடிக்க வேண்டும்.
2. பன்குழலைக் கழற்றியவுடன் உருளைத் தலையின் துளைகளைத் தூய துணியால் மூட வேண்டும்.
3. பழைய பேக்கிங்கை முகப்பில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும்.
4. நேர்விளிம்புச் சட்டத்தையும் பீலர் கேஜையும் கொண்டு முகப்பின் சமதளத்தைப் பார்க்க வேண்டும். பல பொறிகளில் ஏற்கத்தக்க வளைவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் ஆகும். மிகுந்தால் முகப்பைச் சமன்படுத்த வேண்டும்.
5. துணிகளை அகற்றிப் புதிய பேக்கிங் வைத்து, நடுவிலிருந்து இருபுறமும் செல்லும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக நட்டுகளை முறுக்க வேண்டும். முறுக்களவு கையேட்டின்படி அமைய வேண்டும்.

கசியும் இணைப்பின் வெளிப்புறம் பசை பூசுவது நிலையான தீர்வன்று. சாதாரண சிலிக்கோன் பசை பெட்ரோல் பட்டு இளகும். பிதுங்கிய துண்டுகள் உருளைக்குள் இழுக்கப்படலாம்.

கடற்கரைப் பகுதிகளில்

திரேஸ்புரம், தூத்துக்குடி நகரின் வடபகுதியில் உள்ள நாட்டுப்படகு மீனவர் குடியிருப்பு ஆகும். இத்தகைய கடற்கரைகளில் அலுமினியப் பன்குழலும் எஃகு ஸ்டட்டும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் மின்வேதி அரிப்பை ஏற்படுத்தும். இறுகிய நட்டை வலிந்து திருப்பினால் ஸ்டட் முறியும். ஊடுருவும் எண்ணெய் இட்டுக் காத்திருந்து கழற்றுவதே முறை.

படகுப் பொறிகளுக்கும் இது பொருந்தும். வள்ளங்களின் டீசல் பொறிகளில் பொதுவாக த்ராட்டில் வால்வு இல்லாததால் வெற்றோட்டம் அவ்வளவாகக் கெடாது. ஆனால் வடிகட்டப்படாத காற்று புகுந்து பிஸ்டன் வளையங்களும் உருளைச் சுவரும் தேயும். இருவீச்சு அவுட்போர்டு பொறிகளில் எரிபொருளுடன் கலந்தே மசகெண்ணெய் வருமாயின், கலவை நீர்க்கும்போது மசகும் குறைந்து பிஸ்டன் இறுகி நின்றுவிடலாம். சாலையில் நின்ற காரைத் தள்ளி ஒதுக்கலாம். கடலில் பொறி நின்ற படகு காற்றின் போக்கில் அடித்துச் செல்லப்படும். எனவே வெற்றோட்டம் தடுமாறும் பொறியைக் கடலுக்குப் புறப்படுமுன் கரையிலேயே சோதிப்பது இன்றியமையாதது.