அணையிலிருந்து குதித்தவன்



2002-ஆம் ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் கண்ட அணை' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். கோலா கங்சார் பிள்ளைகள் ஆயிற்றே, பேராக் ஆற்றின் குறுக்கே 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டெரோ அணையைப் பற்றித்தான் எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன். ஒரு மாணவன் மட்டும், காவற்கோபுரங்களைக் கடந்து, அபாய மணிகளைச் செயலிழக்கச் செய்து, அணையின் உச்சியிலிருந்து கயிற்றோடு குதித்ததாக எழுதியிருந்தான். கேட்டபோது, சிற்றப்பா வீட்டில் ஆடிய விளையாட்டு என்றான். சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவ்விளையாட்டின் பெயர் 'கோல்டன் ஐ 007'. ஜேம்ஸ் பாண்ட் படவரிசையில் 1995-இல் வெளிவந்த படத்தைத் தழுவியது. ஆடுபவரின் கண் வழியாகவே காட்சி விரியும். திரையின் ஓரத்தில் கையும் துப்பாக்கியும் மட்டுமே தெரியும். படத்தின் தொடக்கத்தில் வரும் அணைக் குதிப்பு, சுவிட்சர்லாந்தில் 220 மீட்டர் உயரமுள்ள வெர்சாஸ்கா அணையில் படமாக்கப்பட்டது. விளையாட்டின் முதற்கட்டமும் அதே குதிப்பில்தான் முடிகிறது.

இதனை உருவாக்கியது இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் இயங்கிய ரேர் நிறுவனம். மார்ட்டின் ஹோலிஸ் தலைமையில் ஏறத்தாழ பத்துப் பேர் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் விளையாட்டு எதையும் உருவாக்கியதில்லை. படப்பிடிப்புத் தளத்திற்கே சென்று நிழற்படங்கள் எடுத்து வந்து, முதலில் கட்டடங்களை அமைத்தார்கள். அவற்றுள் என்ன பணி நிகழ வேண்டும் என்பதைப் பின்னரே தீர்மானித்தார்கள். நால்வர் ஒரே திரையைப் பங்கிட்டு ஆடும் பகுதி, ஸ்டீவ் எலிஸ் என்பவரால் கடைசிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதுவே விளையாட்டைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது என்பது வியப்புத்தான். படம் வந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்து, 1997 ஆகஸ்டில் நிண்டெண்டோ 64 கருவிக்கு வெளியாகி, எண்பது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

ஆயினும் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி வேறொன்று. விளையாட்டு நிறைவடையும் தறுவாயில், நிண்டெண்டோவின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோத்தோ தொலைநகல் ஒன்று அனுப்பினார். மிக அருகிலிருந்து கொல்லும் காட்சிகள் மிகுதி என்று அதில் குறைபட்டிருந்தார். முடிவில் ஆடுபவர் மருத்துவமனைக்குச் சென்று, தாம் சுட்ட எதிரிகள் அனைவரோடும் கைகுலுக்கலாமே என்றும் யோசனை கூறியிருந்தார்! 2015-இல் ஒரு நிகழ்ச்சியில் இதனை வெளியிட்டவர் ஹோலிஸே. அவர் கைகுலுக்கலைச் சேர்க்கவில்லை. மாறாக, நடிகர்களை அறிமுகப்படுத்துவதுபோல் பாத்திரங்களை வரிசையாகக் காட்டி, 'இது நடிப்பே' என்று உணர்த்தும் முடிவுக்காட்சியை அமைத்தார். அது போதுமா என்று எனக்குத் தெளிவில்லை. ஆனால், நாம் வகுப்பறையில் எழுப்பும் வினாவை, ஆக்கியவர்களே தங்களுக்குள் எழுப்பியிருக்கின்றனர்.

மற்றொன்றும் உண்டு. அணைக் கட்டத்தை எளிய நிலையில் ஆடினால் குதித்தாலே போதும். நிலை உயர உயர, அபாய மணிகளை முடக்குவது, தகவல்களைக் கைப்பற்றுவது எனப் பணிகள் கூடும். அடுத்து வரும் ஆய்வுக்கூடத்தில் அறிவியலாளர்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே போனால் பணி தோல்விதான். என் மாணவன் தன் கட்டுரையில் மணிகளைப் பற்றித்தான் விரிவாக எழுதியிருந்தான். துப்பாக்கியைப் பற்றி ஒரே ஒரு வரி. அன்று அதனை நான் கவனிக்கவில்லை.

நம்மூருக்கும் பாண்டுக்கும் சிறு தொடர்புண்டு. 1954-இல் மலாயா வந்து கோலா கங்சார் மலாய்க் கல்லூரியில் கற்பித்த ஆண்டனி பர்ஜஸ், பின்னாளில் 1977-ஆம் ஆண்டுப் பாண்ட் படத்திற்குத் திரைக்கதை எழுதினார், அஃது ஏற்கப்படவில்லை. இளையோரின் வன்முறையை மையமாக்கி 1962-இல் 'எ கிளாக்வர்க் ஆரஞ்ச்' நாவலை எழுதியவரும் அவரே.

உரிமச் சிக்கல்களால் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்த அவ்விளையாட்டு, 2023 ஜனவரியில் மீண்டும் வெளியானது. இப்போது ஈப்போவில் பணிபுரியும் அந்த மாணவர், தம் மகனோடு அதனை ஆடுவதாகச் சொல்லி என்னை வீட்டிற்கு அழைத்தார். பழைய கட்டுரையை நினைவூட்டி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துபோச்சு, சார். ஆடிப் பாருங்க" என்று கருவியைக் கையில் கொடுத்தார். முதல் காவற்கோபுரத்தைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை.